இரண்டாவது தும்மல்

ஒற்றைத் தும்மல் ஆகாது என்பார்கள். கல்யாண வீட்டில் அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. அதனால் ஒன்று வந்தால் இரண்டாவதை நானே பொய்யாகத் தும்மிவிடுவேன். மணப்பெண் அலங்காரத்தில் பதினொரு வருடம் பிழைத்தவளுக்கு இந்தச் சாமர்த்தியம்கூட இல்லாவிட்டால் எப்படி?

மன்னார்புரத்து மண்டபத்தில் அது பலிக்கவில்லை. உறையூரில் எங்கள் பார்லரில் மூன்று பேருக்கு ப்ளீச் கலக்கிப் போட்டுவிட்டு நேராகப் போயிருந்தேன். பெண்ணுக்கு நெற்றிச்சுட்டி வைக்கும்போது வரிசையாக ஏழு தும்மல். எட்டாவதைத் தும்மிப் பார்த்தேன், எடுபடவில்லை. பெண்ணின் அம்மா அங்கிருந்தே பார்லருக்கு போன் போட்டுவிட்டார்.

"வள்ளி, மூக்கு சரியாகுற வரைக்கும் கல்யாண ஆர்டருக்கு நீ போக வேணாம்," என்றார் முதலாளி சுஜா அக்கா.

இனிப் புருவம் திருத்தியே காலம் தள்ள வேண்டியதுதான். அழுதேன். மூக்கு ஏற்கெனவே ஒழுகிக்கொண்டிருந்ததால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

தென்னூரில் டாக்டர் ஜெபராஜ் மூக்கில் லைட் அடித்துப் பார்த்தார்.

"எல்லா நாளும் தும்மல் இருக்காம்மா?"

"செவ்வாய்க்கிழமை மட்டும் இருக்காது டாக்டர். அன்னிக்கு சமயபுரம் போவேன். ஆத்தா பாத்துக்கிறா."

"பார்லருக்கு லீவு என்னிக்கு?"

"செவ்வாய்க்கிழமைதான்."

சொல்லி முடித்ததும் எனக்கே உறைத்தது. இரண்டு வருடமாக மாவிளக்கு போட்டிருக்கிறேன். பரவாயில்லை, ஆத்தா கோபித்துக்கொள்ள மாட்டாள்.

அடைத்த ஏ.சி. அறையில் ப்ளீச் க்ரீமில் வெள்ளைப் பவுடரைக் கொட்டி, தூள் பறக்க அடித்துக் கலக்குவது நான்தான். அதுதான் மூக்குக்கு ஒத்துக்கொள்ளவில்லை, மாஸ்க் மட்டும் போதாது, அந்தப் பவுடர் பக்கமே போகாதீர்கள் என்றார் டாக்டர்.

சுஜா அக்காவிடம் சொல்லப் பயமாக இருந்தது. வருகிறவர்களில் பாதிப் பேர் ப்ளீச்சுக்குத்தான் வருகிறார்கள். வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டால்? ஆனாலும் சொன்னேன். அக்கா ப்ளீச் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூக்கை உறிஞ்சினார்.

"எனக்கும் நாலு வருஷமா அடைப்புதான். ஏ.சி. ஒத்துக்கலன்னு நெனச்சேன். இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்களும்தான் சொல்லல."

மறுநாளிலிருந்து பார்லரில் பவுடர் ப்ளீச் கிடையாது. கோபித்துக்கொண்டு சிலர் வேறு பார்லருக்குப் போனார்கள். போகட்டும். இரண்டு வாரத்தில் அக்கா பக்கத்துக் கடை சாம்பாரை முகர்ந்து, பெருங்காயம் தூக்கல் என்று குறை சொல்ல ஆரம்பித்தார்.

மாசி முகூர்த்தத்தில் ஸ்ரீரங்கத்துக் கல்யாணம் ஒன்றுக்கு அக்கா என்னையே அனுப்பினார். பெண் பெயர் கனிஷ்கா. அவள் தலையில் வைத்த மல்லிகையின் வாசனை எனக்குத் தெரிந்தது. அந்தச் சந்தோஷத்தோடு பொட்டு வைக்கக் கையை நீட்டினேன். முகப்பவுடர் மூக்கில் ஏறி, கனிஷ்கா தும்மினாள். ஒரே ஒரு தும்மல்.

அவள் அம்மாவின் முகம் வெளிறிப்போனது. சட்டென்று இரண்டாவதை நான் தும்மினேன்.

"அப்பாடா," என்று அந்த அம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

என் மூக்கில் ஓர் அரிப்புகூட இல்லை. தும்மல் முழுப் பொய். கண்ணில் வந்த நீர் மட்டும் நிஜம்.