போகச் சொன்ன வாய்

மீசையை மழித்ததில்கூட மூக்கனுக்கு வருத்தமில்லை. அவனுக்குப் பாடத் தெரியவில்லை என்று கூத்து வாத்தியார் சொன்னதுதான் சுட்டது. மாசி மாதக் காமன் கூத்தில் அவனுக்கு ரதி வேஷம். தவம் கலைந்த சிவன் மன்மதனை எரித்ததும் ரதி பாடும் புலம்பலை, பல்வலிக்காரன் போல முனகிக்கொண்டிருந்தான்.

"போவென்று சொன்ன வாயெல்லாம்
பூட்டிக் கிடப்பதேன் தேவர்களே?"

இலங்கை மலையகத்தில், வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் அது. லயத்து வரிசை வீட்டு வாசலில் நின்று ஒத்திகையைக் கேட்ட மீனம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏண்ணே, ரதி எதுக்கு முனகுறா? போகாதன்னு அவ தடுத்தா. போயி அம்பு விடுன்னு அனுப்புனது தேவருங்க. எரிஞ்சப்புறம் ஒருத்தனாச்சும் வாயத் தொறந்தானா? எங்க வீட்டு ஆளு செத்தப்ப யாரு தொறந்தா? அழுவாதீங்க. கேளுங்க."

அவள் புருஷன் அழகன் பாறை சரிந்து செத்து மூன்று மாதம். மழையில் மண் இளகியிருக்கிறது, பாறைப் பக்கம் போக மாட்டேன் என்றவனை, வேலை வாங்கும் கணக்கப்பிள்ளைதான் விரட்டி அனுப்பினார். பிறகு, குடித்துவிட்டுத் தானாகப் போனான் என்று தோட்ட நிர்வாகியான துரையிடம் சொல்லிவிட்டார். தட்டிக் கேட்ட மீனம்மாவின் பேரை வேலைப் பதிவிலிருந்து வெட்டி, இந்த மாதக் கடைசிக்குள் லயத்தில் அவள் குடியிருந்த காம்பிராவையும் காலி செய்யச் சொன்னார்கள். அழகனை விரட்டியதைப் பக்கத்தில் நின்று பார்த்த ஒரே ஆள் மூக்கன். அவனுக்கு நாலு பிள்ளைகள், வாய் திறக்கவில்லை. இத்தனை நாள் பாடிய வரி அன்றைக்குத்தான் விளங்கியது. அந்தத் தேவர்களில் அவனும் ஒருவன். வெட்கமாக இருந்தது.

கூத்தில் காமனை எரிக்கும்போது பொழுது விடிந்துவிட்டது. முன்னால் நாற்காலியில் கணக்கப்பிள்ளை, கழுத்தில் மாலையோடு. அவர் முகத்தைப் பார்த்தே மூக்கன் அந்த வரியைப் பாடினான். முனகல் இல்லை. இரண்டாம் தடவையும் பாடினான். பிறகு பாட்டை நிறுத்தினான்.

"அழகன் குடிக்கலீங்க. மாட்டேன்னுதான் சொன்னான். போடான்னு வெரட்டுனது நீங்க. நான் பக்கத்துல நின்னேன்."

தப்புப் பறையின் சத்தம் நின்றது. கணக்கப்பிள்ளை எழுந்தார்.

"பொம்பள வேஷம் கட்டிட்டா என்ன வேணாலும் பேசலாமா? நாளைக்குக் காலையில வேல பிரிக்கிற பெரட்டுக்கு வந்து சொல்லுடா பாப்போம்! ஒம் பேரு இருக்காது!"

மூக்கன் பொய்ச்சடையைப் பிடுங்கிக் கீழே போட்டான். முகத்துச் சாயத்தைத் சேலைத் தலைப்பால் அழுந்தத் துடைத்தான்.

"நாளைக்கு எதுக்குங்க? இப்ப மூக்கன் சொல்றேன். போகச் சொன்னது நீங்கதான். வாங்க, துரைகிட்டயே சொல்றேன்."

கட்டிய சேலையோடு துரையின் பங்களா ரோட்டில் ஏறினான். மீனம்மா அவனுக்கு முன்னால் நடந்தாள்.