வடு விழாத கம்பி

பொழுது உச்சிக்கு வருவதற்குள் வெள்ளிக் கம்பி இரண்டு தடவை அறுந்துவிட்டது. இரும்புத் தகட்டில் பெரிதும் சிறிதுமாகத் துளைகள். ஒவ்வொன்றிலும் நுழைத்து இழுத்தால்தான் கம்பி கொலுசுக்கு ஆகிற அளவு மெலியும். இடுப்பில் வார் கட்டி இழுப்பவன் தங்கசாமி. துளைக்கு முன்னால் குந்தி, எண்ணெய்த் துணியால் கம்பியைப் பிடித்திருப்பது உண்ணாமலையின் வேலை. எண்ணெய் இருந்தால் கம்பி வழுக்கிக்கொண்டு போகும். இல்லையென்றால் துளை கவ்விக் கிறீச்சிடும், கீறல் விழும், அறுந்தும் போகும். யுத்தம் வந்ததிலிருந்து சூரமங்கலத்தில் விளக்கெண்ணெய் குதிரைக்கொம்பு. அவள் கையிலிருந்த துணி நேற்றே காய்ந்துவிட்டது.

ஆனால் தலை மினுமினுத்தது. சாயங்காலம் மல்லசமுத்திரத்திலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். போன வருஷம் வந்தவர்கள் செம்பட்டைத் தலை என்று வந்த வழியே போய்விட்டார்கள். அதனால்தான் அம்மா செல்லாயி வேலியோரத்து ஆமணக்கு முத்தைப் பொறுக்கி, வறுத்து, இடித்துக் காய்ச்சி, மகளின் நீளப் பின்னலில் ஒரு சொட்டு விடாமல் தேய்த்திருந்தாள். மத்தியானமே போகலாம் என்று முதலாளி வெங்கடாசலமும் சொல்லியிருந்தார். நல்ல மனுஷர் என்று காலையில் நினைத்ததற்காக அவளுக்குப் பிற்பாடு தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

அவர் குனிந்து அவள் உச்சந்தலையை மோந்து பார்த்தார். பட்டறை எண்ணெய்தானே என்று கேட்டார்.

"எங்கம்மா காச்சுனதுங்க, சாமி."

"யாரு காச்சுனா என்ன? கம்பிக்கு வேணும். பின்னலச் சுத்திப் புடி."

இந்தக் கம்பி முடிந்தால்தான் வீட்டுக்கு என்றும் சொன்னார். உண்ணாமலை பின்னலை முன்னால் போட்டுக் கம்பிமேல் வைத்து அழுத்தினாள். தங்கசாமி அவள் முகத்தைப் பார்க்காமல் இழுத்தான். கம்பி சத்தமில்லாமல் ஓடியது. யார் தலை எண்ணெய் என்று கம்பிக்கு என்ன தெரியும்?

பாதியில் நாலு மயிர் கம்பியோடு துளைக்குள் போனது. பிறகு கொத்தாகப் போனது. அவள் கன்னம் தகட்டில் மோதியது. நிறுத்தச் சொல்லிக் கத்தினாள். தங்கசாமியின் கால் தயங்கியது.

"நிறுத்தாதடா. நின்ன எடத்துல வடு உளுந்துரும்."

யாரோ ஒருத்தியின் கணுக்காலில் அந்த வடுவை எவன் பார்க்கப்போகிறான்? ஆனாலும் அவன் நிறுத்தவில்லை. வெங்கடாசலம் கம்பி வெட்டும் கத்திரியை எடுத்து, காதோரமாகப் பின்னலை வெட்டிவிட்டார்.

மகளை அழைத்துப்போகப் பூச்சரத்தோடு வந்த செல்லாயி வாசலிலேயே நின்றாள். அவர் கம்பியை வெளிச்சத்தில் பிடித்து, நெடுக விரலால் வருடினார். ஒரு கீறல் இல்லை.

"நல்ல எண்ணெயா இருக்குதே. நாளைக்கும் ஒரு உழக்கு காச்சிக் கொண்டா."

அடைப்பை எடுத்துவிட்டுப் போகச் சொன்னார். உண்ணாமலை ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு, துளையில் சிக்கிய மயிரை ஊசியால் ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டிருந்தாள்.