துண்டுக்கு அடியில் நாலாம் வகுப்பு

அப்புசாமி மாட்டு வியாபாரி. வருஷத்தில் பாதி நாள் சந்தை சந்தையாகச் சுற்றுகிறவன். கல்யாணமான புதிதில் சௌந்திரம் பொறுத்துப் பார்த்தாள். பிள்ளைகள் இரண்டு பிறந்த பிறகும் அவன் திருந்துகிற வழியாகத் தெரியவில்லை. ஒரு நாள் வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, பிள்ளைகளோடு கூண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க கட்டிக்கிட்டது என்னையவா, மாட்டையவா? நாங்களும் வாரோம். ஓட்டுங்க."

ஓட்டினான். வேறு என்ன செய்வான்?

மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. மாட்டுக்கு நல்ல கிராக்கி, அதனால் வண்டி ஓரிடத்தில் நிற்கவில்லை. பிள்ளைகளின் படிப்பு என்னாவது என்று ஊரார் வாய் வலிக்கக் கேட்டார்கள். அதை அவர்கள் சொல்லித்தான் சௌந்திரத்துக்குத் தெரியவேண்டுமா? அவள் மூன்றாம் வகுப்பு முடித்து நாலுக்குப் போகவேண்டிய நாளில், பெண் பிள்ளைக்கு இது போதும் என்று அவளுடைய அப்பா கடலை பொறுக்க அனுப்பிவிட்டார். இன்றைக்கும் அவள் நிலக்கடலை தின்பதில்லை.

ஆகவே வண்டிக்குள்ளேயே பள்ளிக்கூடம் நடந்தது. எழுத்து சௌந்திரத்தின் பொறுப்பு. பெரியவள் வசந்தாமணி சிலேட்டில் எழுதிய 'ழ'வைப் பார்த்தால் பனமரத்துப்பட்டி ஏரிக்கரைப் பாதையின் பள்ளம் மேடு எல்லாம் தெரியும். சின்னவன் ராசப்பன் தவிட்டு மூட்டைமேல் தூங்கப் படித்தான். பூகோளம் அப்புசாமியிடம் இருந்தது. மேற்கே அந்தியூர், வடக்கே ஓசூர், அதையும் தாண்டினால் மைசூர் ராஜ்ஜியம். அதற்கு அப்பால் அவன் மாடு விற்கப் போனதில்லை என்பதால் உலகம் அங்கேயே முடிந்தது.

கணக்கும் அவன்தான். மாட்டுச் சந்தையில் விலையை யாரும் வாயால் சொல்வதில்லை. இருவர் கைமேலும் ஒரு துண்டைப் போட்டு, அதற்கடியில் விரலைப் பிடித்துப் பேசுவார்கள். முதலில் பிடிக்கிற விரல்கள் பத்துக்கு. உள்ளங்கையை ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் பிடிக்கிறவை ஒன்றுக்கு. கையை விட்டால் பேச்சு முடிந்தது. விடாதவரைக்கும் முடியவில்லை. வசந்தாமணி கூட்டல், கழித்தல், வாய்ப்பாடு எல்லாவற்றையும் அப்பாவின் விரல்களில்தான் கற்றாள்.

வாழப்பாடிச் சந்தையில் ஒரு தடவை, பேச்சு நடக்கும்போதே, "அறுபதாங்கப்பா?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டாள். வாங்க வந்தவன் துண்டை உதறிக்கொண்டு போய்விட்டான். அப்புசாமி அடிக்கவில்லை. "இனி நாலு பேர் முன்னால நெம்பரை வாய்ல சொல்லப்படாது சாமி. நானே சொல்லச் சொன்னாலும் சொல்லப்படாது," என்றான். அப்புறம் அதையே விளையாட்டாக்கினான். போகிற வழியெல்லாம், "சொல்லு சாமி, சும்மா சொல்லு," என்று ஆசை காட்டுவான். அவள் வாயை இறுக்கிக்கொள்வாள். ஒரு நாளும் தோற்றதில்லை.

அவளுக்கு ஒன்பது வயதானபோது, வெண்ணந்தூரில் இருந்த சௌந்திரத்தின் அண்ணன் தன் வீட்டில் தங்கிப் படிக்கட்டும் என்று சொல்லி அனுப்பினார். பெண்கள் பள்ளிக்கூடத்தில் சாரதாமணி டீச்சர் சோதித்துப் பார்த்து, எந்த வகுப்பு என்று சொல்வதாக ஏற்பாடு. எந்த வகுப்பு என்று சௌந்திரம் எப்போதோ முடிவு செய்துவிட்டாள். சோதனை நாள் காலையில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

வசந்தாமணிக்கு வாசிப்பு தண்ணீர் பட்ட பாடாக வந்தது. டீச்சர் தலையை ஆட்டிக்கொண்டார்.

"பதினேழும் எட்டும் எத்தனை?"

வசந்தாமணி வாயை இறுக்கிக்கொண்டாள். ஜன்னல் நிறையப் பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். வாசலில் மாமா நின்றார். நாலு பேர் என்ன, நாற்பது பேர் இருந்தார்கள்.

"ஏழும் எட்டும்? சரி, ரெண்டும் ரெண்டும்?"

"சொல்லு சாமி," என்றான் அப்புசாமி. அவள் அப்பாவைப் பார்த்துச் சிரித்துவிட்டு வாயை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"நெசமாத்தான் சாமி, சொல்லு!"

இதுவும் அவன் எப்போதும் செய்கிற தந்திரம்தான். அவள் அசையவில்லை. சொன்ன சொல் மாறாத பிள்ளை என்று அந்த நேரத்திலும் அவனுக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

"எண்ணே தெரியாத குழந்தையை நான் எப்படி மேலே உட்கார வைக்கிறது?" என்றார் டீச்சர். "ஒண்ணாம் வகுப்பில் உட்காரட்டும்."

சௌந்திரம் புருஷன் தோளில் கிடந்த துண்டை வெடுக்கென்று உருவினாள். அண்ணன் பார்க்கிறாரே என்றெல்லாம் யோசிக்கவில்லை.

"டீச்சரம்மா, கைய இப்பிடிக் குடுங்க."

"எதுக்கு?"

"கணக்குத்தானுங்க. என்ற புள்ளைக்கு அது கையிலதான் வரும்."

விரல் பாஷையை விளக்கிச் சொல்லி, டீச்சர் கைமேலும் மகள் கைமேலும் துண்டைப் போட்டாள். பதினேழும் எட்டும் என்று டீச்சர் மறுபடி கேட்டார். துண்டு அசைந்தது. டீச்சரின் புருவம் ஏறியது. ஆறு நாலு கேட்டார், ஐம்பதில் பதிமூன்று போனால் கேட்டார். துண்டு அசைந்துகொண்டே இருந்தது. பிறகு டீச்சர் கேட்பதை நிறுத்திவிட்டார். ஆனால் கையை எடுக்கவில்லை.

உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியில் இருந்த யாருக்கும் தெரியவில்லை. வசந்தாமணி தலையை ஆட்டி மறுத்தாள். டீச்சர் உதட்டைப் பிதுக்கினார். வசந்தாமணி அப்பாவைப் போலவே வேண்டாமென்று கிளம்புகிற மாதிரி திரும்பினாள். கை மட்டும் உள்ளேயே இருந்தது. அட பாவிப் பெண்ணே, காரியத்தைக் கெடுக்கிறாயே என்று சௌந்திரம் மாரியம்மனுக்கு ஒரு பொங்கல் நேர்ந்துகொண்டாள். கடைசியில் இருவரும் கையை விட்டார்கள்.

"நான் ரெண்டாம் வகுப்பில் ஆரம்பித்தேன், உங்க பெண் அஞ்சில் ஆரம்பித்தாள்," என்று சிரித்தார் டீச்சர். "நாலில் முடிந்தது. ஆனால் இங்கே வாயால் சொல்லவேண்டும், தெரிந்ததா?"

"அஞ்சுக்கே போயிருக்கலாம். புள்ள வெரசா எறங்கிட்டா," என்றான் அப்புசாமி வருத்தமாக.

சௌந்திரம் அன்றைக்கு இரண்டு தடவை சாப்பிட்டாள்.

மறுநாள் காலை வண்டி அந்தியூருக்குப் பூட்டியாயிற்று. தவிட்டு மூட்டைக்குப் பக்கத்தில் சிலேட்டு வைக்கிற இடம் காலியாக இருந்தது. நாலாம் வகுப்பை நினைத்து நினைத்தே நாட்களை ஓட்டிய சௌந்திரத்துக்கு, வண்டியில் ஓர் ஆள் குறையும் என்பது அதுவரை உறைக்கவே இல்லை. இப்போது உறைத்தது.

வசந்தாமணி அழவில்லை. அப்பாவின் துண்டை வாங்கி அம்மாவின் கைமேல் போட்டாள். உள்ளங்கையை ஒரு அழுத்து அழுத்திவிட்டு ஒரே ஒரு விரலைப் பிடித்தாள். ஒரு மாதத்தில் திரும்பி வரவேண்டும்.

தை பிறக்காமல் இந்தப் பக்கம் வர வழியில்லை. சௌந்திரம் மகளின் நாலு விரலைப் பிடித்தாள். வசந்தாமணி தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் ஒன்றைப் பிடித்தாள். மூன்று என்றாள் அம்மா. ஒன்று. இரண்டு. ஒன்று. மகள் இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை.

"ஏம்புள்ள, பேச்சு முடிஞ்சுதா? வெயில் ஏறுது," என்றான் அப்புசாமி.

சௌந்திரம் கையை விடவில்லை.

"இல்லீங்க," என்றாள். "மாட்டை அவுத்துக் கட்டுங்க."