ஒரு கார்டுக்கு ஒரு ஆள்

கணக்கு தப்பவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம்.

நான் மிஸ்ரியா. தென்காசியில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன். கொரோனா இரண்டாம் அலையில் ஊரெல்லாம் காய்ச்சல். பரிசோதனைக் கிட்டோ நாளைக்கு முந்நூறுதான். யாருக்கு எடுப்பது, யாரை விடுவது என்று ஒரு கணித மாதிரி போட்டுத் தரச் சொன்னார் சுகாதார அதிகாரி. மூன்று நாள் கணினி முன்னால் கிடந்து போட்டுக் கொடுத்தேன். ஒரு ரேஷன் கார்டுக்கு ஒரு ஆள். அவருக்குத் தொற்று இருந்தால் கார்டிலுள்ள எல்லோருக்கும் எடுப்பது. இல்லையென்றால் பத்து நாளைக்கு அந்தக் கார்டில் யாருக்கும் வேண்டாம். ஒரு கார்டு என்றால் ஒரு வீடு, ஒரே உலை. அப்படித்தான் நினைத்தேன்.

எங்கள் கார்டுக்கு நான் போய் மூக்கைக் காட்டினேன். நெகட்டிவ்.

நாலாம் நாள் செங்கோட்டையிலிருந்து லாத்தா போன் பண்ணினாள். ஜாஹிரா பீவி, என் கூடப்பிறந்த மூத்தவள். கட்டிக்கொடுத்து ஆறு வருஷமாகிறது, மச்சான் துபாயில்.

"ஏட்டி, ரெண்டு நாளா காய்ச்சல். கேம்ப்புக்குப் போனேன். ஆதார் நம்பரத் தட்டிப் பாத்துட்டு, உங்க கார்டுக்கு எடுத்தாச்சு, நெகட்டிவ்தான், போங்கன்னு அனுப்பிட்டாவ."

"அப்பொ பயப்படாத லாத்தா. சாதாக் காய்ச்சலாத்தான் இருக்கும். கஷாயம் வச்சுக் குடி."

"நீ சொன்னா சரிதான். கணக்கு டீச்சர்லா!" என்று சிரித்தாள். சிரிப்பு இருமலில் முடிந்தது.

எந்தக் கார்டு என்று கேட்டேனா? பாவி, கேட்கவில்லையே! அவள் பெயர் இன்னும் எங்கள் உம்மாவின் கார்டில்தான் கிடக்கிறது. இந்தப் பக்கம் பாதி வீட்டில் அப்படித்தான். பெண்ணைக் கட்டிக்கொடுத்துப் பேரப்பிள்ளை வந்தாலும் பெயரை எடுக்க மாட்டார்கள். எங்கள் வீட்டிலேயே இருந்தது எனக்குத் தோன்றாமல் போயிற்று. என் மூக்கில் விட்ட குச்சிதான் எட்டு கிலோமீட்டர் தள்ளியிருந்தவளைத் திருப்பி அனுப்பியிருக்கிறது.

அதற்கு நாலாம் நாள் மூச்சுத் திணறலோடு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். மூன்றே நாளில் போய்ச் சேர்ந்தாள். மய்யத்தின் முகத்தைக்கூடத் திறந்து காட்டவில்லை.

அடுத்த வாரம் அதிகாரி கூப்பிட்டார். "மேடம், அதே முந்நூறு கிட்டுதான். உங்க கணக்கால முன்னவிட ரெண்டு மடங்கு பாசிட்டிவ் ஆளக் கண்டுபிடிச்சிருக்கோம்." போனை வைத்துவிட்டு விம்மி விம்மி அழுதேன்.

குற்றாலத்துச் சாரல் ஊருக்குள் அடித்த ஒரு காலையில் உம்மாவோடு ரேஷன் கடைக்குப் போனேன். கடைக்கார முத்துச்செல்வம் அண்ணாச்சி தயங்கித் தயங்கிக் கேட்டார்: "பிள்ள பேர எடுத்திரலாமாம்மா?"

உம்மா கார்டை வெடுக்கென்று வாங்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இருக்கட்டும் அண்ணாச்சி. எம்புள்ள பேரு இதுல இருந்தா யாருக்கு என்ன கெடுதல்?" என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீ சொல்லுட்டி."