மூன்று முறை 'வந்துட்டியா?'

உலகத்தோர் அனைவரும் செவி சாய்க்க! கிணற்றில் விழுந்து பேயான மணப்பெண்ணின் பழங்கதை ஓடிடி தொடராகி நவீனமாகிவிட்டது. கிணறு இப்போது லிஃப்ட். அன்று அவள் வழிப்போக்கனை "வந்துட்டியா?" என்று மூன்று முறை கேட்பாள், மூன்றாவதற்கு 'ம்' கொட்டியவன் வீடு திரும்பமாட்டான். இன்று அதையே போனில் கேட்கிறாள். இந்தப் புரட்சியைச் செய்ய இயக்குநருக்கு இரண்டு வருடமும் நாற்பது மீட்டிங்கும் பிடித்தன.

பேயாக நடிப்பவர் பெரிய நட்சத்திரம். அவர் நேரம் ஒதுக்கிக் குரல் கொடுக்கும்வரை வேலை நிற்க முடியாது என்பதால், கையில் சிக்கியவரைப் பேசவைத்துத் தற்காலிகக் குரல் ஒன்றைப் பதிந்துகொள்வார்கள். அப்படி ஒருநாள், கணவர் மறந்துவிட்டுப்போன கண்ணாடியைக் கொடுக்க வந்து சிக்கியது, ஒலிப்பதிவாளரின் மனைவி.

"பேய் மாதிரி கூப்பிடணும்."

"வீட்ல கூப்பிடுற மாதிரியே கூப்பிடறேன். நீங்க பயப்படத்தானே செய்யறீங்க?"

மகள் கல்லூரியிலிருந்து வந்ததும் அடுப்படியிலிருந்து கேட்பாரே, அதே தொனியில் மூன்று முறை "வந்துட்டியா?" என்றார். மொத்தம் ஒன்பது விநாடி.

நான்கு மாதம் கழித்து மனைவி காய்ச்சல் என்று படுத்தார், எழவில்லை. வீட்டில் அவருடைய புகைப்படங்கள் ஏராளம், குரல் ஒன்றுகூட இல்லை. ஊரார் குரலையெல்லாம் துடைத்துப் பளபளப்பாக்கிய மனிதர், சொந்த வீட்டுக் குரலைப் பதிந்துவைக்கத் தோன்றாமல் இருந்துவிட்டார். அந்த ஒன்பது விநாடியை எடுத்துப்போகவும் வழியில்லை. கதை கசிந்துவிடும் என்று ஒலிக்கூடத்துக்குள் போனையே விடமாட்டார்கள். லிஃப்ட் பேய் என்பது ராணுவ ரகசியம்.

நட்சத்திரம் வந்து பேசிவிட்டுப் போனார். இனி பழைய குரலை அழிக்க வேண்டியதுதான்.

"சார், பேர் போடற பாட்டு முடியிற இடத்துல மட்டும் அந்தப் பழைய குரல் இருக்கட்டுமே."

இயக்குநர் கண்மூடிக் கேட்டார். "இதுல நவீன மனுஷனோட தனிமை இருக்குய்யா! யாரு குரல் இது?"

"வீட்ல சார்."

இயக்குநர் கண்ணைத் திறந்தார். இன்னொரு முறை போடச் சொல்லிக் கேட்டார். பிறகு, "வச்சுக்கங்க. கொஞ்சம் எதிரொலி மட்டும் போட்டுடுங்க" என்றார்.

போட்டாயிற்று என்று சொன்னார் ஒலிப்பதிவாளர். போடவில்லை.

தொடர் வெளியான ஞாயிறு காலை மகளைப் பக்கத்தில் உட்காரவைத்தார். விஷயத்தைச் சொல்லவில்லை. சொன்னால் முன்கூட்டியே அழத் தொடங்குவாள். ஒன்பது விநாடியில் பாதி அழுகையில் போய்விடும். ஜன்னலைச் சாத்தினார். மின்விசிறியை நிறுத்தினார்.

"என்னப்பா, பேய்க்குக் காத்து ஆகாதா?"

"சும்மா கேளேன்."

டிவியின் ஒலியை உச்சத்தில் வைத்து, ரிமோட்டை அவளிடமே கொடுத்தார். பாட்டு ஆரம்பித்தது. அடுப்படிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். இன்னும் அரை நிமிடம்.

திரையின் மூலையில் 'தொடக்கத்தைத் தவிர்' என்று ஒரு பொத்தான் முளைத்தது.

"இந்தப் பாட்டையெல்லாம் யாருப்பா உட்கார்ந்து கேப்பாங்க?"

மகள் அதை அழுத்தினாள்.