இனாம் கத்துவோர்

உலகநாதனுடைய மாந்தோப்பில் அன்று குடம் குடமாகப் பன்னீர் தெளித்தார்கள். கச்சேரிக்கு வரும் துரைமார் மூக்கைப் பொத்திக்கொள்ளக் கூடாதாம். தோப்புக்கு மேற்கே அவருடைய சாராய வடிசாலை. அதன் கழிவு வாய்க்கால் வழியாகப் போய்ச் சேரிக் குட்டையில் விழும். அழுகின முட்டையையும் புளித்த வெல்லப்பாகையும் ஒன்றாகக் கொட்டியது போன்ற நாற்றம். பன்னீர் சேர்ந்ததும் அது இன்னும் மோசமாகிவிட்டது. இத்தனை வருஷம் கழித்தும் பன்னீர் வாசனை பட்டால் எனக்குக் குமட்டுகிறது.

உலகநாதனுக்கு மேர் என்கிற ஊர்த்தலைவர் நாற்காலியில் உட்கார வேண்டும் என்று வெறி. முப்பத்தாறாம் வருஷம் புதுச்சேரியிலிருந்து ஒரு பெரிய துரை எங்கள் பக்கத்துக் கிராமங்களைப் பார்வையிட வருகிறார் என்று தெரிந்ததும், அவரைக் குளிர்விக்க ஒரு யோசனை செய்தார். பட்டணத்து வெள்ளைக்காரர் நால்வரை வரவழைத்து, ஊர் சனங்களுக்கு இனாமாகச் சங்கீதம். இரண்டு வயலின், அதைவிடப் பெரிதாக ஒன்று, காலிடுக்கில் நிறுத்தி வாசிக்கிற பூதாகாரமான ஒன்று. அவருடைய சங்கீதப் பிரியம் ஊருக்கே தெரியும். கோயிலில் நாயனக்காரர் ராகத்தைக் கொஞ்சம் இழுத்தால், சீக்கிரம் முடிக்கச் சொல்லி ஆள் அனுப்புகிற மனுஷன்.

நான் அந்த ஊர் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்து வாத்தியார். துரைமாருக்கு மொழிபெயர்த்துச் சொல்கிற துபாஷி வேலையும் என் தலையில்தான். புதுச்சேரிக்கு மாற்றல் வாங்கித் தருவதாக உலகநாதன் சொல்லியிருந்தார். அதற்காக அவர் பின்னால் வாலாட்டிக்கொண்டு திரிந்தேன். மாற்றல் பிற்பாடு வந்தது, அதையும் சொல்லித் தொலைக்கிறேன்.

தண்டோராவுக்கு வாசகம் எழுதிக் கொடுத்தது நான். நால்வர் சேர்ந்து வாசிக்கிற கச்சேரிக்குப் பிரெஞ்சில் உள்ள பெயர், நம் காதில் ஏறக்குறையக் கத்துவோர் என்றுதான் விழும். தமிழில் சொல் தேடச் சோம்பல்பட்டு அப்படியே எழுதிவிட்டேன். இன்னாசிமுத்து தமுக்கைத் தட்டிக்கொண்டு தெருத்தெருவாகக் கூவினான்.

"ஞாயித்துக்கெழம சாயங்காலம் ஒலகநாதன் தோப்புல இனாம் கத்துவோர்! தொரை வந்து குந்திக் கேப்பாரு! அல்லாரும் வரலாம்!"

சேரியில் அதற்கு வேறு அர்த்தம் செய்துகொண்டார்கள். குறை இருப்பவர்கள் வந்து கத்தலாம், காசு கிடையாது, துரை உட்கார்ந்து கேட்பார். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. நான் எழுதியதற்குத் தமிழில் அதுதான் அர்த்தம்.

கரியமாணிக்கத்திலிருந்தும் கரையாம்புத்தூரிலிருந்தும் வண்டி கட்டி வந்த மிராசுதார்கள் நாற்காலிகளில் சாய்ந்திருந்தார்கள். சேரி சனங்களைக் கயிறு கட்டி அப்பால் நிறுத்தியிருந்தது. நால்வரும் நன்றாகத்தான் வாசித்தார்கள், அதில் பொய் சொல்ல மாட்டேன். கேட்கத்தான் நாதி இல்லை. முன் வரிசையில் ஒருவர் வாயைப் பிளந்து தூங்கினார். இன்னொருவர் மாமரத்தின் அடியில் எச்சிலைத் துப்பிவிட்டு, துரை தலையாட்டும் போதெல்லாம் தானும் ஆட்டினார்.

ஒரு பகுதி முடிந்தது. வில்லைக் கீழே இறக்கி, அடுத்ததைத் தொடங்கு முன் சற்று நேரம் சும்மா இருப்பது அவர்கள் வழக்கம். அந்த அமைதியில், தன் முறை வந்துவிட்டது என்று நினைத்து அம்சவள்ளி கயிற்றைத் தாண்டி வந்தாள். உலகநாதனின் கரும்புக் கொல்லையில் களையெடுக்கிறவள். இடுப்பில் ஒரு மண்குடம். துரையின் முன்னால் நின்று தொண்டை கிழியக் கத்தினாள்.

"தொரையே, இந்தக் குட்டத் தண்ணியத்தான் நாங்க குடிக்கிறோம். இந்த மாசம் எங்க தெருவுல மூணு கொழந்த பேதியில பூடுச்சி. அதுல ரெண்டு என்னுது. இன்னும் ஒண்ணு வூட்ல படுத்துக்கினு கீது. சாராயக் கழிவ வேற பக்கம் திருப்பச் சொல்லுங்க."

இவள் என்ன சொல்கிறாள் என்று துரை என்னைக் கேட்டார். உலகநாதன் என் காதருகே குனிந்தார்.

"பாட்டக் கேட்டு மனசு உருகிப் போச்சாம்னு சொல்லு வாத்தியாரே. வாசிச்சவங்க தாகத்துக்குத் தண்ணி கொண்டாந்துகிறாளாம். மாத்தல ஞாபகம் வச்சிக்கினு சொல்லு."

சொன்னேன். நல்ல பிரெஞ்சில், ஒரு இலக்கணப் பிழை இல்லாமல் சொன்னேன்.

துரை எழுந்து நின்று கைதட்டினார். தூங்கினவர் உட்பட எல்லோரும் தட்டினார்கள். தன் முறையீட்டுக்குத்தான் தட்டுகிறார்கள் என்று நம்பி அம்சவள்ளி கைகூப்பினாள். நால்வரில் ஒருத்தியான, வயலின் வாசித்த மதாம் கண் கலங்கி, கண்ணாடித் தம்ளரை அவளிடம் நீட்டினாள். தண்ணீரைச் சோதிக்கத்தான் கேட்கிறார்கள் என்று எண்ணி அவளும் ஊற்றினாள். பழுப்பாக இருந்தது. மேலே நுரை.

மதாம் தம்ளரை உதட்டருகே கொண்டுபோனாள். வேண்டாம், அது விஷம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் மாற்றல் போய்விடும். முதலில் ஊர்க்காரன் குடிப்பதுதான் எங்கள் மரியாதை என்று இன்னொரு பொய்யைச் சொல்லி, தம்ளரை வாங்கி ஒரே மூச்சில் குடித்தேன். துரையைப் பார்த்துச் சிரித்தேன். அதற்குள் உலகநாதன் மதாமுக்கு இளநீர் வெட்டச் சொல்லிவிட்டார். அடுத்த பகுதி தொடங்கியது.

அம்சவள்ளி என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள்.

"தொரை இன்னா சொன்னாரு, வாத்தியாரய்யா? திருப்பச் சொல்லிட்டாரா?"

வாயைத் திறந்தால் வாந்தி வந்துவிடும். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"நீங்க குடிச்சிக் காட்னதாலதான் அவரு நம்புனாரு. உங்க புள்ளகுட்டிங்க நல்லா இருக்கணும்."

சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டாள். அவர்களுக்கு வேறு தண்ணீர் கிடையாது. மீதி இருந்ததைச் சிந்தாமல் இடுப்பில் அணைத்துக்கொண்டு, படுத்துக்கிடக்கும் பிள்ளையிடம் வேகமாக நடந்தாள்.