டிரைவரம்மாவுக்கு ஒரு பிரிவு

அந்தப் பொம்மை கம்பெனியில் இரண்டே பிரிவுகள். பொம்மைப் பிரிவை முதலாளியம்மாவின் மாப்பிள்ளை பார்த்தார். வண்டிப் பிரிவை மகன். காலாண்டுக்கு ஒருமுறை, எந்தப் பிரிவு எவ்வளவு சம்பாதித்தது என்று பிரித்துக் காட்டும் அறிக்கையைத் தயாரிப்பது கணக்கு அக்காவின் வேலை. அவளைவிட மூத்தவர்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அப்படிக் கூப்பிட்டால் வேலை சீக்கிரம் நடக்கும் என்று எப்படியோ பரவிவிட்டிருந்தது.

சிக்கல் டிரைவரம்மாவால் வந்தது. ஜீப்பில் உட்கார்ந்து ஸ்டியரிங்கை இறுகப் பிடித்திருக்கும் பொம்மை அது. இடுப்போடு இருக்கையில் ஒட்டியிருப்பதால் தனியாகக் கழற்ற முடியாது. கடைகளில் பிய்த்துக்கொண்டு விற்றது.

"முகம் இருந்தா அது பொம்மை. இதுல என்னக்கா சந்தேகம்?" என்றார் மாப்பிள்ளை.

"சக்கரம் இருந்தா வண்டி. அத்தானுக்கு இதுகூடவா தெரியாது?" என்றான் மகன்.

அவள் மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டு இருவரும் மரியாதையாகச் சண்டை போடுவார்கள். "மச்சான் சொல்றதும் சரிதான், ஆனா" என்பார் இவர். "அத்தான் கோவிச்சுக்கக் கூடாது, ஆனா" என்பான் அவன். ஒவ்வொரு ஆனாவுக்கும் அவள் அறிக்கையை முதலிலிருந்து போட வேண்டியிருந்தது. ஒரு காலாண்டில் டிரைவரம்மா பொம்மையானாள்; அடுத்ததில் வண்டியானாள்.

பிறகு ஜீப்பின் கதவு கழல ஆரம்பித்தது. கடைக்காரர்கள் திருப்பி அனுப்பிய பெட்டிகள் கிடங்கு நிறைந்து, அவள் அறைக்குப் போகும் வழிவரை வந்துவிட்டன. ஒருக்களித்துத்தான் உள்ளே போக முடிந்தது.

"கதவு வண்டியோடதுதானே?" என்று மாப்பிள்ளை கேட்டார்.

"பொம்மையோட முழங்கை இடிச்சுத்தான் கதவே கழலுதுக்கா," என்றான் மகன்.

ஆடிட்டர் தன் பங்குக்குக் கடுகடுத்தார். "எங்கயாவது ஒரு இடத்துல வைங்க. இப்படி மாத்திக்கிட்டே இருந்தா நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அன்று அவளுக்கு யோசிக்கவும் தெம்பில்லை. மூன்றாவதாக ஒரு வரி சேர்த்து, "மற்றவை" என்று தட்டி, டிரைவரம்மாவை அதில் உட்கார வைத்தாள்.

கூட்டத்தில் முதலாளியம்மா கண்ணாடியை மூக்குநுனிக்கு இறக்கினார். "இது யாரு பொறுப்பு?"

மகன் மின்விசிறியைப் பார்த்தான். மாப்பிள்ளை தண்ணீர் குடித்தார்.

"பேர் வச்சவ நீதானே? நீயே பாரு."

வீட்டில் சொன்னபோது கணவர், "பதவி உயர்வா! சம்பளம் எவ்வளவு ஏறுது?" என்றார்.

"சம்பளம் பழசுதான். திட்டு மட்டும் புதுசு."

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவள் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தார்.

மறுநாள் பொம்மைகளை வார்க்கும் கூடத்துக்கு இறங்கிப் போனாள். இத்தனை வருஷத்தில் அந்தப் பக்கம் போனதே இல்லை. உருகிய பிளாஸ்டிக் வாடை தொண்டையைக் கரித்தது.

"கதவுக் கீலைக் கொஞ்சம் தடிமனாக்கணும், அவ்வளவுதான்," என்றார் பொறியாளர். "ரெண்டு பேர்கிட்டயும் கேட்டாச்சு. இது அவரு செலவுன்னு ஆளாளுக்குக் கையைக் காட்டுறாங்க."

"யார் கையெழுத்து வேணும்?"

"பிரிவுத் தலைவரோடது."

அவள் அவருடைய பேனாவையே வாங்கிப் போட்டுக் கொடுத்தாள். மாடிப்படி ஏறும்போது கால் கடுத்தது; ஆனாலும் மனசு ஏதோ லேசாக இருந்தது. புதுக் கீல் வைத்த ஜீப் கைக்கு வந்ததும் கதவைத் திறப்பதும் மூடுவதுமாகவே இருந்தாள். "அக்கா, அந்த டக்டக் போதும், தலை வலிக்குது," என்று பக்கத்து அறையிலிருந்து குரல் வந்தது.

திரும்பி வரும் பெட்டிகள் நின்றன. ஆண்டு முடிவில் மற்றவை என்ற வரி, பொம்மைப் பிரிவையே தாண்டி லாபம் காட்டியது. அறிக்கையைக் கொடுத்த அன்றைக்கே அத்தானும் மச்சானும் சேர்ந்தே முதலாளியம்மாவிடம் போனார்கள். அவர்கள் ஒன்றாகப் போய் யாரும் பார்த்ததில்லை.

முதலாளியம்மா அவளைக் கூப்பிட்டார். இருவரும் அங்கேயே நின்றிருந்தார்கள். "ஆளுக்குப் பாதியா வச்சுக்கறாங்களாம். உனக்கும் பாரம் குறையும். என்ன சொல்ற?"

தர மாட்டேன் என்று ஒரு கணம் வாய்வரை வந்தது. அப்புறம் அந்தக் கூட்டங்களும் ஆனாக்களும் நினைவுக்கு வந்து அயர்ச்சியாக இருந்தது.

"எடுத்துக்கட்டும்மா. லாபத்தை எப்படி வேணாப் பிரிக்கலாம். ஆனா ரிப்பேர்னு வந்தா யார் கையெழுத்துன்னு ஒரே ஒருத்தர் பேரை எழுதிக் கொடுங்க. ரெண்டு பேர் வேணாம்."

முதலாளியம்மா ஒரு தாளை இழுத்து மகனின் பெயரை எழுதினார். மகனுக்கு முகம் சுண்டிப்போனது. அதை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனான்.

பிரிவு மாறிவிட்டதால், பழைய அறிக்கைகளையும் அதன்படி மாற்றி எழுத வேண்டும் என்று ஆடிட்டர் சொல்லி அனுப்பினார். அவள் தோள்பட்டையைக் கையால் அழுத்திவிட்டுக்கொண்டு முதல் காலாண்டைத் திறந்தாள்.